நான் மறக்கச் சொன்னது

குன்சான்,
நவம்பர் 4

அன்பு மகள் இன்ஹேவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், கிருபை என்ற அந்த ஒரு வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, ஏன் என்று படித்தால் தெரியும். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்கிற ஆளா அவள், போன வாரம் சபைப் பெண்களோடு சேர்ந்து குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போட்டுவிட்டு மணிக்கட்டில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு திரிகிறாள். லைப்சிக்கில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. காய்ந்த கடற்பாசி தனிப் பொட்டலமாக வருகிறது.

கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்து வேலைக்கு நீ கேட்ட ஞானஸ்நானச் சான்றும் போதகர் கடிதமும் வாங்கிவிட்டேன். உன் விசுவாசச் சாட்சியைப் பிழை பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தாய். மூன்று தரம் வாசித்தேன். பன்னிரண்டு வயதில் அழைப்புப் பெற்றேன், ஆய்வுக்கூடத்தில் உண்மையாயிருப்பதே என் ஆராதனை என்று எழுதியிருக்கிறாய். அம்மா வாசித்து அழுதாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். போன வருஷம் நடந்தது உனக்கும் எனக்கும் தெரியும். உன் பேராசிரியரும் நம் சபை மூப்பருமான தோ, உன்னோடு ஆய்வுக்கூடத்தில் இருந்த சுஹான் இரண்டு வருஷம் பாடுபட்டுச் செய்த ஆய்வின் கட்டுரையில் பள்ளிக்கூடம் படிக்கிற தன் மகன் பெயரை முதலில் போட்டார். சுஹான் புகார் கொடுத்தான். அந்த அறையில் அவனோடு இருந்தவள் நீ ஒருத்திதான் என்று விசாரணைக் குழு உன்னிடம் சாட்சி கேட்டது. நீ எனக்குப் போன் செய்து, அப்பா அந்தப் பையன் ஒரு நாள்கூட அங்க வரலப்பா, நான் என்ன எழுதட்டும் என்றாய். மூப்பர் உனக்குச் செஞ்சதை நினைச்சுப் பாரு, சபை விஷயத்தைச் சந்திக்கு இழுக்காதே, கிருபையா முடிச்சுடு, ஞாபகமில்லன்னு எழுதிடு என்றேன். நீ சரிப்பா என்றாய், அப்படியே எழுதினாய், சுஹானின் புகார் தள்ளுபடியானது. எதையாவது மூடவேண்டுமானால் நம் சபையில் கிருபையாக என்றுதானே சொல்வோம், நானும் அதைப் பணிவு என்றே நம்பினேன். அந்தச் சாட்சியைப் பொய்யாக்கிய கை இந்தச் சாட்சியில் எந்தப் பிழையைத் திருத்தும், சொல்லு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூப்பர் ஜெபித்தபோது மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்ததற்கு நன்றி சொன்னார். நாலாவது வரிசையிலிருந்து சுஹானின் அம்மா எழுந்து போய்விட்டார், அதற்குப் பிறகு வரவில்லை. ஞாயிறுதோறும் நான் ஓட்டுகிற சபை வேனை அவர் வீட்டு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டுத்தான் போகிறேன், கதவு திறப்பதில்லை. செவ்வாய்க்கிழமை சுஹானைத் தேடிப் போனேன். துறைமுகத்துப் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான், கழுத்தெலும்பு தெரிகிறது. எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, இன்ஹே அக்கா எப்படி இருக்காங்க ஐயா, அவங்க மேல எனக்குக் கோபமில்ல, ஆனா அந்த ரூம்ல ரெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேர்தான் இருந்தோம், அவங்களுக்கே ஞாபகம் இல்லன்னா நிஜமாவே நான்தான் செஞ்சேனான்னு இப்பல்லாம் எனக்கே சந்தேகமா இருக்கு என்றான். குத்திக்காட்டவில்லை மகளே, உண்மையாகவே கேட்டான். அந்தக் காபியை என்னால் குடிக்க முடியவில்லை.

மறுவிசாரணை கேட்டு அவன் அம்மா மனுப் போட்டிருக்கிறார், சாட்சிகளைக் கொடுக்க இந்த மாதம் முப்பதாம் தேதி கடைசி. நான் அன்றைக்குப் போனில் உன்னிடம் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குழுவிடம் கொடுத்துவிட்டேன், சபையிலும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், கேட்டிருந்தால் எனக்குத் தைரியம் போயிருக்கும். மூப்பர் என் தோளில் கைபோட்டு, இன்ஹேவுக்குச் சிபாரிசு எழுதினதே நான்தான் தெரியுமில்ல என்று மெதுவாகச் சொன்னார். அந்த வேலை இனி உனக்குக் கிடைக்காது, பொய் சொன்னவள் என்ற பெயரும் வரும். வருகிற ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வேனை வேறொருவர் ஓட்டுகிறார். பெத்த பொண்ணு வாயில மண்ணப் போட்டுட்டீங்களே என்று சொன்னதோடு அம்மா என்னோடு பேசுவதில்லை. அவள் சொன்னதில் தப்பில்லை.

சான்றிதழ்களையும் உன் சாட்சியையும் இதோடு வைத்திருக்கிறேன், யாருக்கும் அனுப்பவில்லை. ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு, கடற்பாசியை ஈரம் படாமல் வை. உண்மையை எழுதிய உன் புதுச் சாட்சி குழுவுக்கு முப்பதாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும், அதை விட்டுவிடாதே. நான் சொல்லித்தான் உனக்கு மறந்தது. அதே வாயால் சொல்கிறேன், ஞாபகப்படுத்திக்கொள் மகளே.

உன்னைப் பொய் சொல்ல வைத்த அப்பா,
பே ஜொங்டோக்