வாடகைப் புத்தகத்தில் உன் பெயர்

பிரின்சி,

கட்டு மாற்ற கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மீன்குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது. உப்புப் போட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை, மீனைக் கேட்டுப் பார். சாவியை எதிர்வீட்டு அருணாவிடம் கொடுத்துவிட்டுப் போ.

நேற்று நீ கத்தியது நியாயம்தான். புதுப் புத்தகம் வந்தால் முதல் பக்கத்தில் சிலுவை போட்டு உன் பெயரை எழுதுவது என் வழக்கம். காலேஜ் புத்தகத்திலும் எழுதிவிட்டேன். "இன்னாப்பா பண்ணிக்கினு கீற? அது வாடகை புக்கு. கிறுக்கினா கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான், நம்ம தலைலதான் கட்டுவான்" என்றாய். கல்யாணத்துக்கு அண்டாதான் வாடகைக்குத் தருவார்கள் என்று நினைத்திருந்த ஆள் நான்.

சொந்தமாகவே வாங்கலாமே என்றேன். "இந்த செமஸ்டரோட நிறுத்தப் போறேன்ப்பா, சொந்த புக்கு எதுக்கு? உன் எடத்துல என்னைச் சேத்துக்கறதா சூப்பர்வைசர் சொல்லிக்கீறாரு" என்றாய்.

என் இடம் என்றால் கம்பெனியில் தகடு அமுக்கும் அந்த பிரஸ் மெஷின். என் மூன்று விரல் அதற்குப் போதும், பிரின்சி.

காலையில் நீ தூங்கும்போது மற்ற புத்தகங்களிலும் பேனாவால் உன் பெயரை எழுதிவிட்டேன். இடது கை எழுத்து, எறும்பு மையில் விழுந்து நடந்த மாதிரி இருக்கும். இந்த முறை தெரிந்தேதான் எழுதினேன். கடைக்காரன் இனி எதையும் திருப்பி எடுக்க மாட்டான். நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

அப்பா

திட்டுவதென்றால் சாப்பிட்டுவிட்டுத் திட்டு.

இன்னொன்று, புத்தகங்களுக்கு அட்டை போடப் பார்த்தேன், ஒரு கையால் முடியவில்லை. அதை மட்டும் நீ போட்டுக்கொள்.