முழங்கால் நோவு

மகனுக்கு ஸலாம்,

போனில் கூப்பிட்டால் பேசாமல் வைத்துவிடுகிறாய் என்பதால் எழுதுகிறேன். உக்குவளையில் எல்லோரும் சுகம். மிளகு விலை இறங்கிவிட்டது.

உங்கள் அணி கடைசி இடத்துக்கு வந்ததை ஊரே அறியும். கொழும்பில் சம்பளத்துக்குக் கூடைப்பந்து ஆடும் பிள்ளை இங்கே நீ ஒருவன்தானே. கடையில் மிளகு மூட்டைமேல் போனைச் சாய்த்துவைத்து எல்லா ஆட்டத்தையும் பார்த்தோம். நீ பெஞ்சில் இருந்தாய்.

"நானா, மகன் ஏன் எறங்கவே இல்ல?" என்று பக்கத்துக் கடை அன்ஸாப் கேட்டான். இடது முழங்காலில் நோவு என்று சொல்லிவைத்தேன். ஜும்ஆ முடிந்ததும் நாலு பேர் உனக்காக துஆக் கேட்டதாகச் சொன்னார்கள்.

நேற்று அன்ஸாப்பின் மனைவி எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள். "வலது முழங்காலுக்கு நல்லாப் பூசச் சொல்லுங்க" என்றாள். வலது என்று அவளிடம் சொன்னது உம்மாவாம். நானும் உம்மாவும் இதைப்பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

பெருநாளைக்கு வரமாட்டேன் என்று தங்கச்சியிடம் சொன்னாயாம். வா. எந்தக் காலை நொண்டுவது என்று பஸ்ஸிலிருந்து இறங்குமுன் நீயே முடிவு செய்துகொள்.

வாப்பா