பாலத்துக்கு இந்தப் பக்கமே விசாரிக்கக் கோரி

அனுப்புநர்:
சீல் பிரிவு ஊழியர், எண் 41,
மூன்றாம் கிடங்கு, துறைமுகச் சாலை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
இருதரப்பு வணிக ஒத்துழைப்பு அலுவலகம்.

பொருள்: அண்டை நாட்டுச் சாவடியில் வியாழனன்று ஆஜராக எனக்கு வந்துள்ள அழைப்பு – விசாரணையை நம் நகரிலேயே நடத்த வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாலம் தாண்டி அண்டை நாட்டுக்குப் போகும் லாரிகளின் கதவுகளுக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கம்பி சீல் போடுகிறேன். இரு நாட்டு வணிக ஒப்பந்தம் வந்தபின் இங்கே ஒருமுறை சோதித்தாலே போதும் என்றானது. வியாபாரம் பெருகியது, என் வேலையும் நிரந்தரமானது. அதை மறக்கவில்லை.

2. சென்ற மாதம் நான் சீல் போட்ட லாரி ஒன்று அறுந்த சீலோடு அக்கரை சேர்ந்தது. சரக்கு தையல் இயந்திர பாகங்கள், ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் அக்கரைச் சாவடிக்காரர்கள் ஓட்டுநரை விசாரணைக்கு அழைத்தார்கள். "சாயங்காலம் வந்து குழாயைச் சரி பண்றேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனவர். இன்றோடு இருபத்தாறு நாள், தகவலே இல்லை.

3. அந்த சீலை அறுத்தது ஓட்டுநர் அல்ல. ஒப்பந்தப்படி நம் கிடங்கில் அமர்ந்திருக்கும் அவர்களுடைய ஆய்வாளர்தான் வாசலில் வண்டியை நிறுத்தி அறுத்துப் பார்த்தார். புது சீல் கேட்கவில்லை, பதிவும் செய்யவில்லை. என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். பயத்தில் வாய் திறக்கவில்லை. அது என் குற்றம்.

4. முந்தாநாள் மனம் பொறுக்காமல் மேலாளரிடம் சொன்னேன். நேற்று எனக்கு அழைப்பு வந்துவிட்டது. "ஒரு கையெழுத்துதாம்மா, போய்ட்டு வந்துடுங்க" என்கிறார் மேலாளர். நீங்களும் கூட வாங்க சார் என்றேன். அடிக்காத போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

5. எங்கள் மாடியில் லிஃப்ட் நின்றால், என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டார்களோ என்று குழாயை மூடிவிட்டுக் காது கொடுக்கிறேன். பீரோ சாவி இருக்கும் இடத்தை மகளுக்குக் காட்டினேன். "எத்தனை நாளைக்கும்மா?" என்று கேட்டாள்.

6. இன்று காலை ஓட்டுநரின் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவை எடுத்துக் கொடுத்து, "எழுதுங்க அக்கா, நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ஆகவே ஐயா, என்னைத் தங்கள் அறையில், தங்கள் முன்னிலையில் விசாரிக்கவும், ஓட்டுநரை வரவழைக்கவும் வேண்டுகிறேன். எது கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன். மேலாளர் வழியாக அனுப்பாதது விதிமீறல், பொறுத்தருள்க. வியாழனுக்கு இரண்டு நாளே இருக்கிறது.

இடம்: துறைமுகச் சாலை
நாள்: 14, செவ்வாய்

இப்படிக்கு,
(கையொப்பம்) சீல் பிரிவு ஊழியர், எண் 41
(கையொப்பம்) லாரி ஓட்டுநரின் மனைவி