1900-க்குப் பிறகு பேசக் கூடாது

ஆகஸ்ட் 28

இன்னொரு பதிப்பகமும் கைவிரித்துவிட்டது. “தோற்ற வேட்பாளர்களைப் பற்றிய காவியத்துக்கு இப்போது வாசகர் இல்லை.” எப்போது இருந்தார்கள்? அதிபர் தேர்தலில் தோற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கவிதை. பதினோரு வருடம், 212 தாள். யாராவது திருடிவிடுவார்கள் என்று பிரதிகூட எடுக்கவில்லை; மூலத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்து, நானே திரும்ப வாங்கி வருகிறேன். இதுவரை யாரும் முயலவில்லை.

ஆகஸ்ட் 31

தங்கை ஆர்டிஸ் வந்தாள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடு நடக்கிறாள். எல்லைப்புற ஏரிகளில் ஒரு வாரம் துடுப்புப் படகில் போக அவளுக்கும் வெர்லினுக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்திருக்கிறது.

“எனக்குப் பதிலா நீ போறே அண்ணே.”

“உன் புருஷனோடயா? ஆறு வருஷமா அவன் என் மூஞ்சியவே பாக்கறதில்ல.”

“பாக்காம இருக்க நீ என்ன பண்ணேன்னு உனக்கே தெரியும்.”

தெரியும். ஆறு வருடத்துக்கு முந்திய தேர்தலில் வெர்லின் தன் வேட்பாளருக்காகக் கைப்பட ஒரு பலகை எழுதி வீட்டு வாசலில் நட்டான். மூன்று எழுத்துப் பிழை. நாற்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்திய கை சும்மா இருக்குமா? சிவப்புச் சாயத்தில் திருத்தினேன். ஓரத்தில் பத்துக்கு நாலு என்று மதிப்பெண்ணும் போட்டேன். ஊரே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

ஆர்டிஸ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: “1900-க்கு அப்புறம் நடந்த அரசியல் எதையும் ரெண்டு பேரும் வாயத் திறந்து பேசக் கூடாது.”

செப்டம்பர் 16

முதல் ஏரி. வெர்லின் பின்னால், நான் முன்னால். முதுகைப் பார்த்துக்கொண்டு வர அவனுக்கு வசதி. முப்பது வருடம் மாவட்டச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். துடுப்பையும் அப்படியே போடுகிறான், வழியில் இருப்பது விலகிக்கொள்ள வேண்டும் என்பதுபோல. காலையிலிருந்து அவன் பேசியது மொத்தம் மூன்று சொல். “இடது.” “இடதுன்னேன்.” “பாறை.”

தண்ணீர் புகாத பை இரண்டு. ஒன்றில் அவன் உள்ளே நுழைந்து தூங்கும் தூக்கப் பை. மற்றதில் என் காவியம். என் துணிகளும் தூக்கப் பையும் சாதாரண மூட்டையில். இயற்கையின் நடுவே கடைசித் திருத்தம் செய்வதாக உத்தேசம்.

செப்டம்பர் 17

சண்டை! ஆர்டிஸ் போட்ட சட்டத்துக்கு உட்பட்ட சண்டை. இரண்டு ஏரிகளுக்கு நடுவே, படகைத் தலைக்குமேல் கவிழ்த்துச் சுமந்துகொண்டு அரை மைல் நடக்கும்போது, படகுக்குள்ளிருந்து அவன் குரல்:

“1824 தேர்தல். ஜாக்சனுக்குத்தான் ஓட்டு அதிகம். படிச்சவனுங்க எல்லாம் அறைக்குள்ள ஒக்காந்து ஆடம்ஸத் தூக்கி வச்சுட்டானுங்க.”

“யாருக்கும் பெரும்பான்மை இல்ல வெர்லின். அரசியல் சட்டப்படி பிரதிநிதிகள் சபைதான் முடிவு பண்ணணும்.”

“அதத்தான் சொல்றேன் மச்சான். சட்டம் எப்பவுமே உங்க ஆளுங்க பாக்கெட்லதான்.”

“உங்க ஆளு தோத்தா மட்டும் களவாணித்தனமா?”

உங்க ஆளு. எங்க ஆளு. இருநூறு வருடத்துக்கு முந்தியவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற பாவனையில் இருவரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டோம். நூலகத்தில் தடிப்புத்தகம் எடுத்துப் படித்துவிட்டு வந்திருக்கிறான், பாவி. என் மாணவர்களில் ஒருவன்கூட இவ்வளவு ஆயத்தமாக வந்ததில்லை.

மாலையில் மீன் வறுத்தான். பெரிய துண்டைத் தன் தட்டில் வைத்துக்கொண்டு, “சட்டப்படிதான்” என்றான்.

செப்டம்பர் 18

மழை. கூடாரம். 1844 தேர்தலைப் பற்றிச் சண்டை போட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம்.

செப்டம்பர் 19

நனைந்த நாட்குறிப்பை நெருப்பருகே காயவைத்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் தூறலோடு கிளம்பினோம். கரையோரமாகப் போகும்போது 1876 தேர்தலை ஆரம்பித்தான். பதினைந்து பேர் குழு எட்டுக்கு ஏழு என்று பிரிந்து ஒரு நாட்டின் முடிவைச் சொன்ன கதையை நான் விளக்கினேன். உட்கார்ந்து விளக்கியிருக்கலாம். வகுப்பில் எழுந்து நின்றே பழக்கம். எழுந்தேன்.

படகு கவிழ்ந்தது.

தண்ணீரா அது? பனிக்கத்தி. கரை அருகில்தான் இருந்தது. மிதக்கும் அங்கி இருந்தது. எப்படியோ படகையும் மூட்டைகளையும் பிடித்துக்கொண்டு கரையேறினோம். அவன் ஒல்லி உடம்பு. உதடு நீலம். தீமூட்டியைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. விறகு, மரப்பட்டை எல்லாம் இரண்டு நாள் மழையில் ஊறிக் கிடந்தன.

உலர்ந்திருந்தவை இரண்டு. ஒரு தூக்கப் பை. 212 தாள்.

நான் தயங்கினேன். எழுதிவிடுகிறேன், தயங்கினேன். மூன்று மூச்சு இருக்கும். என் தங்கையின் கணவன் விறைத்துக்கொண்டிருந்தான், நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன மனுஷன் நான்?

பல் தந்தியடிக்க அவன் சொன்னான்: “மு… முன்னுரைல இருந்து ஆரம்பி மச்சான். அத எப்படியும் எவனும் படிக்க மாட்டான்.”

முன்னுரை நன்றாக எரிந்தது. என் எழுத்தில் இவ்வளவு சூடு இருக்கும் என்று எந்த விமர்சகனும் சொல்லியிருக்க மாட்டான். 1796-க்கான கவிதை புகைந்தது. மூன்று முறை தோற்ற ஹென்றி கிளே மூன்று முறையும் பற்றிக்கொண்டார். தேர்தலுக்குச் சில நாள் முன்பு மனைவியையும், தேர்தலில் நாட்டையும், அந்த மாதமே உயிரையும் விட்ட கிரீலியிடம் வந்தபோது என் கை நின்றது.

“அழுவுறியா?”

“புகை.”

எல்லாவற்றையும் போட்டேன். கடைசிப் பத்துத் தாளில்தான் விறகு பற்றியது.

ஒரே தூக்கப் பைக்குள் இரண்டு கிழவர்கள், ஈர உடுப்பைக் களைந்துவிட்டு, பகல் முழுக்க. வெளியில் மழை, பக்கத்தில் நெருப்பு. ஆறு வருடமாக ஒரே அறையில் உட்கார மறுத்தவர்கள். அவன் நடுக்கம் நிற்கும்வரை கட்டிப் பிடித்திருந்தேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் பேசுவது சுலபம் போலிருக்கிறது.

“அந்தப் பலகை… நான் பண்ணது தப்பு வெர்லின்.”

அவன் நெருப்பைப் பார்த்தபடியே சொன்னான்:

“எழுத்துப் பிழைன்னு ஆர்டிஸ் முன்னாடியே சொன்னா. திருத்தலாம்னுதான் இருந்தேன். நீ திருத்தினதுகூடப் பரவால்ல. மார்க் எதுக்குப் போட்ட? பள்ளிக்கூடத்துல படிச்ச காலத்துலயும் எனக்கு நாலுதான் போடுவானுங்க.”

பையின் ஓரத்தை அவன் தோளுக்கு மேல் இழுத்துவிட்டேன்.

செப்டம்பர் 20

திரும்பினோம். முன்னால் அவனை உட்காரவைத்து நான் பின்னால் துடுப்புப் போட்டேன். வழி தவறினேன். “வலது” என்றான். திட்டவில்லை.

அக்டோபர் 6

எரிந்த கவிதைகளை நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். பதினோரு வருடத்தில் மனதில் நின்றது ஏழு வரி. அந்தப் பதிப்பகத்தார் என் நினைவைவிடத் தாராளமானவர்கள். அவர்கள் பத்துப் பக்கமாவது படித்தார்கள்.

நவம்பர் 7

தேர்தல் முடிந்தது. வெர்லினும் ஆர்டிஸும் சாப்பாட்டுக்கு வந்தார்கள். இன்று யாரும் பழைய வருடங்களுக்குள் ஒளிந்துகொள்ளவில்லை. இந்த வருடத்தைப் பற்றியே, பெயர் சொல்லியே, மேசையைத் தட்டியே. “உங்களால நாடு நாசமாப் போவுது” என்றான். “உங்களாலதான் போயே போச்சு” என்றேன். ஆர்டிஸ் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள். அவன் சட்டென்று எழுந்து மேலங்கியை மாட்டினான். போய்விட்டான் என்றே நினைத்தேன்.

வாசலில் நின்று, “நாளைக்கு உன்னக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், ஆறு மணிக்கே கெளம்பணும். ரெடியா இரு” என்றான்.

ஆஸ்பத்திரி இருக்கும் துலூத் நகரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரே வண்டி, அவனுடையது. வானொலியில் யார் பேச்சைக் கேட்பது என்று முடிவு செய்யும் குமிழ் அவன் பக்கம் இருக்கிறது.