வில்லோ விறகு

என் அன்புக்குரியவருக்கு,

எல்லோரும் நலம் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. இதை உட்கார்ந்து படியுங்கள். சின்னவள் நன்றாக இருக்கிறாள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்க்கும் இடம் உங்களுக்குத் தெரியும். மூடிப்போன முலாம் பூசும் ஆலையின் பின்பக்க நிலம். மண்ணில் இறங்கிவிட்ட காட்மியம் என்ற விஷ உலோகத்தை உறிஞ்சத்தான் அங்கே வில்லோ மரங்களை நட்டிருக்கிறோம். இதைக் கேட்டு மாமா, "மண்ணுல உள்ள விஷத்தையே குடிக்குதுன்னா என்னைவிடப் பெரிய குடிகாரனா இருக்கும்போல" என்று சிரித்தாரே. குடித்த விஷம் எங்கும் போவதில்லை. இலையிலும் பட்டையிலும்தான் தங்குகிறது. அதனால் வெட்டிய கிளைகளை மூடிய லாரியில் ஏற்றி, புகையை வடிகட்டும் உலைக்கு அனுப்புவோம். இந்த முறை லாரி வரவில்லை. கட்டுகள் வேலியோரம் கிடந்து காய்ந்தன.

போன வாரம் வேலை முடிந்து விறைத்துப்போய் வீட்டுக்கு வந்தேன். உள்ளே கதகதப்பாக இருந்தது. மாமா அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் சின்னவள் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு கட்டை போடலாம் என்று விறகுப் பெட்டியைத் திறந்தேன். வெட்டு முனைகளில் நீலப் பெயிண்ட். எங்கள் ஆட்கள் வைக்கும் அடையாளம்.

பிள்ளையை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். மாமா செருப்புகூடப் போடாமல் பின்னாலேயே வந்து, "என்னம்மா ஆச்சு, என்னம்மா ஆச்சு" என்றார். சொன்னேன். வேலி பிரிந்து கிடந்ததாம், கேட்பாரற்ற விறகுதானே என்று தள்ளுவண்டியில் கொண்டுவந்தாராம். "நீ குளிர்ல வர்றியேன்னுதாம்மா" என்றார்.

மறுநாளே மூன்று பேரும் சோதனைக்குப் போனோம். எனக்கும் சின்னவளுக்கும் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். பகல் முழுக்க அடுப்பைவிட்டு நகராதவர் மாமா, சாம்பலை வெறுங்கையால் அள்ளியவரும் அவர்தான். அவருடைய நெஞ்சுப் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். படத்தில் தெரிகிற நிழல் புகையாலா வயதாலா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வீட்டைக் கழுவிவிட்டேன். இருந்தாலும் சுவரைத் தொட்டால் கையைப் பார்க்கிறேன். சின்னவள் தும்மினால் ஓடிப்போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். மாமா படுக்கையை வாசல் பக்கம் மாற்றிக்கொண்டார். பேத்தி பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார், தன் மூச்சில் விஷம் இருக்கிறதாம். அது விளையாட்டு என்று நினைத்து அவளும் கன்னத்தை உப்பிக்கொண்டு எதிரே நிற்கிறாள். என்னால் பார்க்க முடியவில்லை.

"அவன்கிட்ட சொல்லிடாதே, உசரத்துல நின்னு வேலை பாக்குறவன்" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார். சரி என்றுதான் தலையாட்டினேன்.

போனில் கூப்பிடும்போது உங்கள் அப்பாவைத் திட்டிவிடாதீர்கள். விறகுப் பேச்சையே எடுக்க வேண்டாம். நீங்கள் சைக்கிள் பழகி வாய்க்காலில் விழுந்த கதையைக் கேளுங்கள், ஆசையாகச் சொல்வார். நடுவில் இருமுவார், கொஞ்சம் நீளமாகவே இருமுவார். போனை வைத்துவிடாமல் காத்திருங்கள்.

பிறகு லீவு கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் வந்துவிடுங்கள்.

உங்கள் வரவுக்காகக் கதவைப் பார்த்தபடி,
சின்னவளின் அம்மா