நீ சட்டைக்குள் மறைத்த மருந்துச் சீட்டுகள்

பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன், குப்பென்று டீசல் வாசனை. நீ போய் ஐந்து வருஷம் ஆகிறது. வெயிலில் காயவைத்துப் பார்த்தேன், பாச்சை உருண்டை போட்டுப் பார்த்தேன், அந்த வாசனை போவேனா என்கிறது. உன் டிரெய்லர் லாரியின் டாஷ்போர்டில் கிடந்த பச்சை ரெக்சின் ஃபைல்தான். உள்ளே உன் வண்டிக் காகிதம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் என் மருந்துச் சீட்டுகள்.

ஆஸ்பத்திரியில் எனக்குப் புது டாக்டர் வந்திருக்கிறார். நம் பெண்ணைவிட இரண்டு மூன்று வயது கூடுதலாக இருந்தால் அதிகம். "பழைய சீட்டு ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். இருக்காவாம்! உன்னைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? முதல் சீட்டிலிருந்து தேதிவாரியாக கிளிப் போட்டு அடுக்கிவிட்டல்லவா போயிருக்கிறாய். சில தாள்களின் ஓரத்தில் உன் கட்டைவிரல் கிரீஸ் இன்னும் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். அடுப்பில் குழம்பு பாத்திரத்தோடு தீய்ந்தது. தீய்ந்தால் தீயட்டும் என்று இதை எழுத உட்கார்ந்துவிட்டேன், யோவ்.

"யோவ்" என்று உன்னைக் கூப்பிடுவது உன் அம்மாவுக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. "கட்டுன புருசன இன்னா மரியாதையா கூப்புடுது பாரு" என்பார். நீ பல்லைக் காட்டிக்கொண்டு, "பேரச் சொல்லிக் கூப்டா மட்டும் நான் ஓடியாந்துடுவனா?" என்பாய்.

நம் பெண் எல்கேஜி சேர்ந்த வருஷம் அது. திருவொற்றியூர் டோல்கேட்டுக்குப் பின்னால் ஒரே அறை வீடு. வடக்கேயிருந்து காற்றடித்தால் ரிஃபைனரி நாற்றம், கிழக்கேயிருந்து அடித்தால் கருவாடு. ரேடியோவில் என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நான் சொன்னேன். பிறகு பேச்சே நின்று, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டேன். ராயபுரத்தில் ஒரு டாக்டரிடம் என்னைக் கூட்டிப் போனாய். கூட்டம் பிதுங்கும் கிளினிக். அவர் உன்னைக் கேட்டார், நீ சொன்னாய், அவர் எழுதினார். ஸ்கிசோஃப்ரீனியா என்றார். ஆயுசுக்கும் மருந்து என்றார். "ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

ரேடியோக் குரல் நின்றது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் கை நடுங்க ஆரம்பித்தது. தாடை இறுகியது. வாயோரம் எச்சில் வழிவது எனக்கே தெரியாது, நீ துண்டால் துடைப்பாய். நடந்தால் கால் தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். நீ நடுக்கத்தைச் சொன்னபோது அந்த டாக்டர் இன்னொரு மாத்திரை சேர்த்தார். எட்டு மாதத்தில் ஐந்து வகை ஆகிவிட்டது.

ஒரு காலை பாப்பாவுக்கு இரட்டைப் பின்னல் போட உட்கார்ந்தேன். சீப்பு கையில் நிற்கவில்லை. வகிடு எடுக்கப் போய்க் காதைக் கீறிவிட்டேன். அழுதிருந்தால் தேவலை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தது. "நீ வாணாம், ஆயா பின்னட்டும்" என்றது.

எனக்குச் சமைத்துப் போட வந்திருந்த உன் அம்மா அன்றே குழந்தையைத் தன்னோடு ராயபுரத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். கெட்ட மனுஷி இல்லை. "கொயந்த பயப்புடுது. நீ சரியாவுற வரைக்கும் என்னாண்ட இருக்கட்டும்" என்று என் தலையைத் தடவித்தான் சொன்னார். குழந்தையின் துணி எடுக்க வந்த உன் அக்காதான் வாசலில் நின்று, "பொட்டப் புள்ள. இனிமே அங்கியே வளரட்டும்" என்றது. எனக்குக் கேட்டது. கண்ணீர் வரவில்லை, மருந்து அதையும் கட்டிப் போட்டிருந்தது. உள்ளுக்குள்தான் அலறிக்கொண்டிருந்தேன். என் பிள்ளை எனக்கு வேண்டும் என்று அலறிக்கொண்டிருந்தேன்.

அது உனக்கு எப்படிக் கேட்டதோ! சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டுச் சொன்னாய்: "க்ளட்ச் தேஞ்சா நாலு பேராண்ட கேக்கறேன். உனுக்கு ஒர்த்தராண்ட கேட்டுட்டு குந்திகினு கீறேன் பாரு. நானும் ஒரு ஆளு!"

நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பொறுமையாகக் கேட்பார் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் போனோம். இந்த ஃபைலையும் எடுத்து வந்தாய். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, சட்டையைத் தூக்கி, அதை இடுப்பில் செருகி மறைத்துக்கொண்டாய். நான் பார்த்தேன். ஏன் என்று கேட்கத் தெம்பில்லை.

துறைமுக கேட்டில் ஒரு தாள் குறைந்தால் வண்டி உள்ளே போகாது. அங்கே எல்லாத் தாளையும் நீட்டிப் பழகின மனுஷன் இங்கே ஏன் மறைத்தாய்? காரணத்தைப் பின்னால்தான் சொன்னாய். மணலி ரோட்டு ஷெட்டில் வேறு ஆள் பிரித்த என்ஜின் என்று தெரிந்தால் மெக்கானிக் தொடமாட்டான். "எவன் கை வெச்ச வண்டி இது? அவனாண்டயே போ" என்று கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதனால் இரண்டாவது மெக்கானிக்கிடம் எந்த டிரைவரும் முதல் மெக்கானிக்கைப் பற்றி வாயைத் திறக்கமாட்டான். டாக்டரும் அப்படித்தான் இருப்பார் என்று நீ நினைத்துவிட்டாய். அவரும் என்னைத் தொடாமல் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உனக்கு.

"இதுக்கு முன்னாடி எங்கேயாவது காட்டினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இல்லம்மா. இதான் மொத தபா."

பொய் சொன்னால் உன் காது சிவக்கும். உன் நிறத்துக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரிந்தது. அவர் என்னை நடக்கச் சொன்னார், கையை நீட்டச் சொன்னார். "எந்த மருந்தும் சாப்பிடலையா? நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் நீ தலையாட்டினாய். சந்தேகத்தோடுதான் ஒரு மாத்திரை எழுதினார், ஒரு வாரத்தில் திரும்ப வரச் சொன்னார்.

அப்புறம் செய்தாயே ஒரு வேலை! ஒருவர் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்றிருக்கிறார். இன்னொருவர் உடனே ஆரம்பிக்கச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் பெரிய படிப்புப் படித்தவர்கள், யார் பேச்சையும் தட்டக் கூடாது என்று இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தாய். இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அன்றைக்கு எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாம் நாள் குழாயடியில் குடத்தோடு விழுந்தேன். நெற்றி பிளந்து ரத்தம். கட்டின லுங்கியோடு ஆட்டோவில் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அதே டாக்டரம்மாவிடம் ஓடினாய். தையல் போட்டதும் அவர் உன்னைக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல்லுங்க. வேற என்ன சாப்பிடுறாங்க?"

நீ சட்டையைத் தூக்கினாய். அன்றும் இடுப்பில்தான் இருந்தது ஃபைல், வியர்வையில் நனைந்து. மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாய்.

"வேற டாக்டரு கை வெச்ச கேசுன்னா நீங்க தொடமாட்டீங்கன்னு நெனச்சேம்மா. எங்க மெக்கானிக்குங்க அப்டித்தான். என்னிய வேணா போலீசுல புடிச்சிக் குடுங்க. இவள மட்டும் பாருங்க. இவ கொயந்த இவளாண்ட இல்லம்மா, அங்க எங்கம்மா வூட்ல கீது."

டாக்டரம்மா கத்தினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினார். ஆள் செத்திருப்பாள் என்றார். நீ தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டாய். பிறகு அவர் ஃபைலைத் திறந்தார். இரண்டு தாள் புரட்டியதும் குரல் இறங்கியது.

"இதை யார் அடுக்கினது?"

"நாந்தாம்மா."

"எந்த மாசம் எந்த மாத்திரை ஏறிச்சு, எப்போ கை நடுங்க ஆரம்பிச்சுதுன்னு அப்படியே தெரியுது. இப்படிக் கொண்டு வந்தா எனக்குப் பாதி வேலை முடிஞ்சுதுப்பா. இன்னொரு டாக்டர் பார்த்ததையும் பார்த்தாத்தானே எனக்கு வழி தெரியும்? இதைப் போய் மறைச்சிருக்கே!"

உன் முகத்தை அப்போது நீயே பார்த்திருக்க வேண்டும். வாங்கியது திட்டா, பாராட்டா என்று புரியாமல் முழித்தாய். அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார். "இவங்க படுத்த படுக்கையா ஆகிறதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நாமாகவும் சொன்னதில்லை. உன் முகம் மலர்ந்துவிட்டது.

"அதுக்கு முன்னாடியா? சோக்கா இருந்துதும்மா! ஒரு பத்து நாளு, அப்டி ஒரு சந்தோசம்!"

சொல்லத் தொடங்கினாய். விடியற்காலையில் நான் காசிமேட்டுக்கு நடந்தே போய், கூடை நிறைய சங்கரா மீன் வாங்கிவந்து சந்து முழுக்க எட்டு வீட்டுக்குக் குழம்பு வைத்ததை. கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்ததை. கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும் எண்ணூர் ரோட்டில், உன் வண்டிக் கேபினில் ஏறி உட்கார்ந்து, துறைமுக கேட் வரைக்கும் நானே பாட்டுக் கட்டிப் பாடிக்கொண்டு வந்ததை. முன்வண்டி, பின்வண்டி டிரைவர்கள் எல்லாம் இறங்கி வந்து கேட்டார்களாம். அலை வந்து மோதும் கல்மேட்டில் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு நான் ஓடியதை. கல்யாணமான நாளிலிருந்து நீ அவ்வளவு சிரித்ததில்லையாம்.

நீ சொல்லச் சொல்ல டாக்டரம்மா எழுதிக்கொண்டே வந்தார். பேனா ஓடும் வேகத்தைப் பார்த்து உன் குரல் மெல்லத் தேய்ந்தது.

"தூங்கினாங்களா அப்போ?"

"ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஆனா அசதியே இல்லம்மா."

"அதுக்கப்புறம்தான் இந்தச் சீட்டுல இருக்கிற ரேடியோக் குரலா?"

"ஆமாம்மா." அவர் எழுதின தாளை எட்டிப் பார்த்தாய். பிறகு கேட்டாய், "அப்ப அதுவும் நோயாம்மா?"

"ஆமாம்ப்பா. அதுவும்தான்."

பைபோலார் என்றார், ஒரு சமயம் மனசை உச்சத்துக்கு ஏற்றி, ஒரு சமயம் படுக்கையில் தள்ளும் நோயாம். முதல் டாக்டருக்கு நாம் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறோம், அவர்மேல் முழுப் பழியையும் போடக் கூடாது என்றார். மருந்தைத் தானே படிப்படியாகக் குறைத்து மாற்றுவதாகவும், நாமாக எதையும் நிறுத்தவோ சேர்க்கவோ கூடாது என்றும் சொன்னார். மாதாமாதம் ரத்தம் சோதிக்கச் சொன்னார். குழந்தை என்னிடம் வரலாமா என்று நானே கேட்டேன். நாக்கு குழறியது. எட்டு மாதத்தில் ஒரு டாக்டரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அது. "வராம? கொஞ்சம் பொறுங்க, வரும்" என்றார்.

பாரிமுனையிலிருந்து டோல்கேட் வரை பஸ்ஸில் நீ ஃபைலை மடியில் வைத்து, கிளிப்பைத் திறந்து மூடியபடியே வந்தாய். எனக்குப் புரிந்தது. நம் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல பத்து நாளை அந்தப் பேனா எடுத்துக்கொண்டு போய்விட்டது. எனக்கும் ஆத்திரம்தான். அந்தக் குழம்பு ருசித்ததும், அந்தப் பாட்டை நான் கட்டியதும் நோயென்றால், நான் என்று என்னதான் மிச்சம்?

நாலைந்து மாதமானது. தாடை இளகியது, நடை திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்துக்குப் போனோம். பாப்பா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்தது. நான் கையை நீட்டினேன். கிட்டே வந்து, என் கைக்கு அடியில் தன் உள்ளங்கையை வைத்து ஆடுகிறதா என்று பார்த்தது. "ஆயா, ஆடலை" என்று உள்ளே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தது. உன் அம்மா மூட்டை கட்டிக் கொடுத்தபடி அழுதார். பஸ் ஸ்டாப் வரும்வரை நானும் அழுதேன். கண்ணீர் வந்ததே, அதற்கே எனக்கு அவ்வளவு நிம்மதி.

பிள்ளை வந்த பிறகுதான் புதுப் பயம் பிடித்தது. சிரிக்கப் பயம். பெரிதாகச் சிரித்தால் அது நோயாக இருந்துவிடுமோ, மறுபடி பிள்ளையைக் கூட்டிப்போய்விடுவார்களோ என்று பயம். நீயும் லேசுப்பட்டவனில்லை, நான் கொஞ்சம் வேகமாகப் பேசினாலே உன் கண் என்மேல் வந்து நின்றுவிடும். வீட்டில் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர்களைப் போல அடக்கமாக இருந்தோம்.

ஒரு நாள் பாப்பா உன் லுங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு, நீ டிராஃபிக் போலீஸ்காரரிடம் குழைவதை நடித்துக் காட்டினாள். "சார் சார், இந்த ஒரு தபா வுட்ருங்க சார்!" எனக்குச் சிரிப்பு பீறிட்டது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். குழந்தையும் பாதியில் நிறுத்திவிட்டது. நீ எழுந்து வந்து என் கையைப் பிடித்து விலக்கினாய்.

"நேத்து தூங்குனியா?"

"தூங்கினேன்."

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"அப்றம் இன்னாத்துக்கு மே வாயப் பொத்திக்கிற? சிரி!" என்றாய். போய் உட்கார்ந்தவன் மறுபடி திரும்பி, "அந்தப் பத்து நாள டாக்டரம்மா இன்னா பேரு வேணா எழுதிக்கட்டும். உனுக்கு நோயா இருந்துட்டுப் போவட்டும். நான் சிரிச்சது நோயில்ல. அது மெய்யாலுமே நான் சிரிச்சது" என்றாய்.

அதற்கப்புறம் எத்தனை வருஷம் சிரித்தோம். இரண்டு தடவை எனக்கு மறுபடி தூக்கம் கெட்டது. இரண்டு தடவையும் நீதான் முதலில் கண்டுபிடித்தாய், ஃபைலோடு நேரே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனாய். சட்டைக்குள் வைத்து அல்ல, கையில் பிடித்துக்கொண்டு. ஒரு மத்தியானம் வண்டி வரிசையில் நிற்கும்போதே உனக்கு நெஞ்சு வலித்தது. மூலக்கொத்தளம் சுடுகாட்டில் உன்னை வைத்துவிட்டு வந்த அன்றும் நான் மாத்திரை போட்டுக்கொண்டுதான் படுத்தேன். திட்டுவாயே என்று.

இன்று காலை நம் பெண் ஆபீசுக்குக் கிளம்பின அவசரத்தில் ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் என் செருப்புமாகத் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். நான் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும். அவள் ஒரு நொடி என்னை உற்றுப் பார்த்தாள். உன் பார்வை அப்படியே அவளுக்கு.

"தூங்கினேன்டி. மாத்திரையும் போட்டேன்" என்றேன்.

அவளும் சிரித்துவிட்டாள். நீ போன பின் ஒரு வருஷம் எனக்குச் சிரிப்பே வரவில்லை, யோவ். இப்போது வருகிறது. வந்தால் வாயைப் பொத்திக்கொள்வதில்லை.