சுண்ணாம்பு மேட்டுக் கொடியப் பிடுங்க யாரு சரின்னது?

அன்பு ராசா டென்வினுக்கு மக்ரீட்டா அத்தை எழுதுறது, ஆண்டவர் கிருபையில இங்க எல்லாரும் கையும் காலுமா இருக்கோம், அயர்லாந்துக் குளிர்ல உனக்கு நெஞ்சுல சளி கட்டாம இருக்கணும்னு தெனமும் முழங்கால் போட்டுக் கேக்குறேன். ஹெட்டி மகன் நடக்க ஆரம்பிச்சுட்டான், கோழியெல்லாம் அவனுக்குப் பயந்து கூரையில ஏறுது. ஆனா என் வயிறு பத்திக்கிட்டு எரியுதுடா. ஒயின் ஆலைக்குப் போன வருஷம் புதுசா வந்த மேனேஜர் ஃபூரி, நம்ம சுண்ணாம்பு மேட்டுத் திராட்சைக் கொடிய திங்கக்கிழமை மெஷின் வச்சுப் பிடுங்கப் போறானாம். யாரைக் கேட்டுன்னு போய் நின்னா, உங்க அண்ணன் மகனைத்தான் ஆன்ட்டி, அவங்கப்பா பங்கு அவர் பேர்லதானே இருக்கு, போன்ல சரின்னுட்டாரேன்னு பல்லக் காட்டுறான். சரின்னியா நீ? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம?

என்ன குத்தமாம் தெரியுமா, போன வருஷ ஒயின் ஜாம் மாதிரி வெந்த வாடை அடிச்சுதாம், இந்தப் பள்ளத்தாக்கே ஒரு அடுப்பாம், இங்க நயமான சரக்கு வராதாம், பீச் மரம் வைக்கலாமாம். வேகவச்சது யாரு? சாயங்காலம் மலை இடுக்கு வழியா ஆத்தோட ஏறி வருமே கடல்காத்து, அதத்தானே நாம தபால்காரன்னு சொல்லுவோம். போன அறுப்புல எப்ப வெட்டலாம்னு கேட்டவன்கிட்ட, பழம் வெட்டப் போற நம்ம சாரா, தபால்காரன் வரட்டும் சார், ராத்திரி பழம் குளிர்ந்ததும் விடியல்ல வெட்டலாம்னிருக்கா. பாதிதான் காதுல வாங்குனான். உச்சி வெயில்ல கடைக்குத் தபால் வண்டி வந்துச்சு, இந்தா வந்தாச்சு, வெட்டுங்கன்னுட்டான்! நம்ம பொம்பளைங்க மேலயும் எனக்கு ஆத்திரம்தான், வாயப் பொத்திச் சிரிச்சுக்கிட்டே வெட்டித் தள்ளிட்டாளுக, ஒருத்திகூட வாயத் தொறந்து சொல்லல. நானோ மக ஹெட்டி பிரசவத்துக்கு டவுனுல கெடந்தேன். தகரம் கொதிக்கிற வெயில்ல பழம் டிராக்டர்லயே நின்னு பொங்கிப்போச்சு, இப்ப பழி மண்ணு மேல! ஆத்தோரத்துக் குலை கொழுகொழுன்னு தண்ணியா இருக்கும், மலிவான பெட்டி ஒயினுக்கு அது போதும். நம்ம மேட்டுல வேரு பாறை வெடிப்புல எறங்கித் தண்ணி தேடணும், அதான் பழம் சின்னது, சாறு கெட்டி. பகல் வெயில் இனிப்ப ஏத்தும், ராத்திரிக் குளிர் புளிப்ப எறங்க விடாது. ரெண்டையும் ஒரே எடத்துல வச்ச ஆண்டவருக்குத் தெரியாதது இவனுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்.

உன் பங்கு, என் பங்குன்னு கொடிக்குத் தெரியுமாப்பா, உன்னுத இழுத்தா என்னுதும் சேர்ந்துல்ல வரும்? அதையும் அவன்கிட்ட சொல்லிட்டேன். அப்ப டென்வினே கூப்பிட்டுச் சொல்லட்டும் ஆன்ட்டின்னுட்டுக் காரேறிப் போயிட்டான்.

ஆண்டவர் உன் தலைமேல கை வச்சுக் காக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போ. திங்கக்கிழமைக்கு முன்னாடி அந்த ஃபூரிக்குப் போன் போடு. சரின்னு சொன்ன அதே வாயால முடியாதுன்னும் சொல்லு. நீ சொல்லாட்டி மெஷினுக்கு முன்னாடி நான்தான் நிப்பேன், அப்புறம் என்னைப் பிடுங்கவும் உன்கிட்டதான் கேப்பான்.

கோவத்தோடயும் பாசத்தோடயும்
உன் மக்ரீட்டா அத்தை